முதுகைக் காட்டிக்கொண்டு வந்த கார்

அவருடைய கார் முதன்முதலாக எங்கள் தோட்டத்துக்குள் வந்தபோது முதுகைக் காட்டிக்கொண்டுதான் வந்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. "அம்மா கதை விடுறாங்க" என்கிறார்கள். கதை விடுகிற அளவுக்கு எனக்குப் பேச்சு வராது என்று அவர்களுக்குத் தெரியும், இருந்தும் சொல்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அது எனக்கு வசதி.

எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே, மலை ஏறி இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம். அப்பா அங்கே கங்காணி. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் தடி. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் துரை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டார். லயத்து வரிசை வீடுகள் ஓரமாக நடந்து போனால் ஆட்கள் எழுந்து சலாம் வைப்பார்கள். தாண்டிப் போன பிறகும் வைக்கிறார்களா என்று பார்க்க அப்பாவுக்கு ஆசை. திரும்பிப் பார்த்தால் மரியாதை இல்லை. ஆகையால் தும்முவதுபோல் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். அப்பாவுக்குத் தடுமன் பிடிக்காத நாளே இல்லை என்று ஊரில் நினைத்திருந்தார்கள்.

அவருக்கு மகளாகப் பிறந்தும் எனக்கு யாராவது பார்த்தாலே ஆகாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து எடுக்கப் போனேன். பெரட்டில் பேர் கூப்பிடும்போது சத்தமாக "இருக்கேன்" என்று சொல்ல வெட்கப்பட்டு, வந்தும் வராதவளாக இரண்டு நாள் சம்பளம் போயிருக்கிறது.

ஹட்டன் டவுனில் ஒரு கராஜில் அந்தக் கார்க்காரர் வேலை செய்தார். வண்டி ரிப்பேர் செய்கிறவர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். தோட்டத்து ஃபேக்டரியில் இஞ்சின் நின்றுபோனால் அவரைத்தான் கூட்டிவருவார்கள். அப்படி வந்திருந்த ஒரு நாள், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் என் கூடை சரிந்து எல்லாம் கொட்டிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் பக்கத்தில்தான் நின்றார். கை முழுக்க கிரீஸ், அள்ளித் தரவும் முடியாது. ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் கடைசி இலையை அள்ளி முடிக்கிறவரை மடுவத்துச் சுவரையே பார்த்தபடி நின்றார். மற்றப் பெண்களுக்கு என்னென்னவோ பிடிக்கும். எனக்கு அது பிடித்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் தன் அக்காவிடம் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அந்த அக்காதான். ஹட்டன் பஜாரில் இடியப்பக் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தில் எங்கள் வீடான காம்பராவுக்கு வந்து, முன் திண்ணையான இஸ்தோப்பில் பாயை இழுத்துப் போட்டு அவராகவே உட்கார்ந்தார். நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன்.

"மாமா, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. என் தம்பிக்கு ஒங்க மகளக் கேட்டு வந்திருக்கேன்."

"தம்பிக்கு என்ன வேல ஆத்தா?" என்று அப்பா கேட்டார்.

"பாஸ். ஹட்டன்ல அவன் கை படாத வண்டி கெடையாது."

"எல்லாம் மத்தவன் வண்டிதானே? பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி மகனுக்கும் கேட்டிருக்காங்க. அவன் சொந்தமா சைக்கிள் வச்சிருக்கான்."

"சைக்கிளா? இந்த மலையில அவன் சைக்கிள் மேல போறானா, சைக்கிள் அவன் மேல போகுதா? என் தம்பி காரு வச்சிருக்கான் மாமா. சொந்தக் காரு."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா ஊதுவதை நிறுத்தினார். கங்காணி வீட்டு வாசலுக்குக் கார் வருகிறது என்றால் சாதாரணமா? அப்பா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"காரா? அப்பச் சரி. வார மாசம் மூணாவது ஞாயித்துக்கெழம நாள் நல்லாருக்கு. பன்னெண்டுக்கு எமகண்டம். அதுக்கு முந்தி அந்தக் காருலயே பரிசத் தட்டோட வாங்க, புள்ள ஒங்களுக்கு. வரலன்னா அன்னைக்கே நான் பக்கத்துத் தோட்டத்துக்கு வாக்குக் குடுத்துருவேன். பொறகு என்னைக் கொற சொல்லக் கூடாது."

"பத்து மணிக்கே வந்து நிப்போம், பாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தார்.

அக்கா சொன்னது பொய் இல்லை. தம்பியிடம் கார் இருந்தது. ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அக்கா வீட்டுக்குப் போய், "காருல வாரோம்னு சொல்லிட்டேன்டா" என்றிருக்கிறார். "எந்தக் காருலக்கா?" "ஒன் காருலதான்." "அதுல எந்தப் பாதியில?" என்று அவர் கேட்டாராம்.

ஒரு பாதி, பெரிய உலகச் சண்டைக்கு முந்திய காலத்துக் கார். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை விட்டுப்போனது. உயரமான கதவு, ஏறுவதற்குப் பக்கத்தில் படி, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. தண்ணீர் இல்லாமல் மலை ஏறி அதன் இஞ்சின் வெடித்துப்போயிருந்தது. இன்னொரு பாதி, அதற்குப் பதினைந்து வருஷம் பிந்திய கார். வளைவில் சறுக்கி ஆற்றோரம் விழுந்து கூடு நசுங்கியது, இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது புதுக் கார் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோயிருந்தது, சாமானும் கிடைக்காது. ஹட்டனில் ஓடிய எந்த வண்டியைத் திறந்தாலும் உள்ளே இன்னொரு வண்டி கொஞ்சம் இருக்கும். அவரும் அந்தப் புது இஞ்சினை இந்தப் பழைய கூட்டுக்குள் ஒரு நாள் இறக்கலாம் என்று வைத்திருந்தார். அந்த ஒரு நாளுக்கு அக்கா தேதி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் எங்கள் தோட்டம் முழுக்கத் தெரியும். தோட்டத்து லொறி டிரைவர் தினமும் ஹட்டன் போய்வருகிறவர். சாயங்காலம் கொழுந்து ஏற்ற மடுவத்துக்கு வந்தால் முதலில் கராஜ் செய்திதான்.

"இன்னைக்கு இஞ்சின் எறங்கிருச்சு. ஆனா பொனட்டு மூடல. காரு கட்டை, இஞ்சின் நீளம்."

மறுநாள்: "பொனட்டு மூடிருச்சு. ரேடியேட்டர முன்னுக்குத் தள்ளிட்டாரு. இப்ப காருக்கு மூக்கு வெளிய நிக்குது."

இன்னொரு நாள்: "பழைய காருக்கு ஆறு வோல்ட்டு, புது இஞ்சினுக்குப் பன்னெண்டு வோல்ட்டு பெட்டரி. பழைய ஹோர்ன அதுல மாட்டி அமுக்குனாரு பாருங்க, கராஜில இருந்த பூன இன்னும் திரும்பி வரல."

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு இது போதாதா? மறுநாள் கொழுந்து நிரையில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "ஏன்டி, ஒம் மாப்பிள்ளைக்கு மூக்கு வந்துருச்சாமே. தொண்டையும் தெறந்துருச்சாம். கண்ணு எப்ப வைக்கிறாங்க?" என்பாள். நிரை முழுக்கச் சிரிக்கும். நான் தேயிலைச் செடிக்குள் தலையை விட்டுக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கும் சிரிப்புத்தான். மூக்கு வந்தது, தொண்டை வந்தது, எல்லாம் சேர்ந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டால் போதும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை லொறி டிரைவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"ரோட்டுக்கு எடுத்தாரு. புது இஞ்சின் பலம் பழைய பின் அச்சு தாங்கல. அச்சுக்குள்ள இருக்க பல்லுச் சக்கரம் கச்சான் கடலையக் கடிச்ச மாதிரி நொறுங்கிருச்சு. அந்தக் காலத்துப் பல்லு இனி எங்க போயி எடுக்குறது? கங்காணி ஐயாகிட்ட இப்பவே சொல்லிரவா?"

அப்பாவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அம்மா வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சித் தந்தார். இல்லை என்று சொல்லிக் காரணம் சொல்வதைவிடக் குடிப்பது சுலபமாக இருந்தது. மூன்று நாள் குடித்தேன்.

அந்த மூன்று நாளும் கராஜில் நடந்ததை அவர் பிற்பாடு சொன்னார். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சின்ன லொறி ஒன்று நோர்வூட் பக்கத்தில் கிடந்தது. பலமான பின் அச்சு. அதைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். ஆனால் இஞ்சினிலிருந்து வரும் தண்டு அச்சில் போய்ச் சேருகிற வாய், லொறியின் உயரத்துக்கு ஏற்றபடி மேலே இருந்தது. கார்த் தண்டு கீழே இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டியும் இரண்டும் சேரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் அச்சை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டார். மேலே இருந்த வாய் கீழே வந்தது. அளந்து செய்ததுபோல் தண்டு அதில் போய் உட்கார்ந்துகொண்டது.

பின்பக்கத்தைக் கட்டைமேல் தூக்கி வைத்துவிட்டு இஞ்சினை முடுக்கிக் கியரைப் போட்டார்கள். சக்கரம் இரண்டும் ஜோராகச் சுற்றியது. கராஜில் எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா தேங்காய் உடைத்தார். சக்கரம் சுற்றுகிறதா என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலையில் அவர் குளித்து, வேட்டி சட்டை உடுத்தி, விபூதி பூசி ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். அக்கா பின் சீட்டில் மடியில் பரிசத் தட்டோடு. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் கார் பின்பக்கமாகப் பாய்ந்து கராஜின் தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது. இரண்டாவது கியரைப் போட்டார். அதுவும் பின்னுக்கு. மூன்றாவதும் பின்னுக்கு. பின்னுக்குப் போகிற கியரைப் போட்டார். கார் சமர்த்தாக முன்னுக்கு வந்தது.

"என்னடா இது?" என்று அக்கா கேட்டார்.

"அச்சத் தலைகீழாப் போட்டேன்ல. அதான் எல்லாம் தலைகீழாப் போகுது."

"சரி, அந்தப் பின் கியருலயே முன்னுக்குப் போயேன்."

"அது பல்லுத் தேஞ்ச கியரு அக்கா. எறக்கத்துல தாங்கும். மேட்டுல வழுக்கிரும். கழட்டி மாட்ட நாளைக்குச் சாயங்காலம் ஆகும்."

"நாளைக்குச் சாயங்காலம் அந்தப் புள்ள சைக்கிள்காரன் வீட்டுல இருக்கும்டா!"

அவர் மனதுக்குள் ரோட்டைக் கணக்குப் போட்டாராம். ஹட்டனிலிருந்து டிக்கோயா வரை அநேகமாக இறக்கம். அதுவரை அந்த ஒற்றைக் கியரில் ஊர்ந்து போகலாம். டிக்கோயாவிலிருந்து எங்கள் தோட்டம் முழுக்க மேடு. அங்கே காரைத் திருப்பிக்கொண்டு, நல்ல கியரில், முதுகுப் பக்கமாக ஏறலாம்.

"கெட்டியாப் பிடிச்சுக்கக்கா" என்று புறப்பட்டார்.

எங்கள் லயத்தின் இஸ்தோப்பில் நின்றால் தோட்டத்து ரோடு மலையில் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும். பத்து மணியிலிருந்து அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார், கையில் பாக்கெட் கடிகாரம். லயத்தில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால், சேலையும் பூவுமாக, கதவு இடுக்கில் ஒரு கண்.

பதினொன்று தாண்டி வெகு நேரமாகித்தான் கீழே ரோட்டுத் தொடக்கத்தில் ஒரு கார் தெரிந்தது. "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று எல்லாரும் கத்தினார்கள். அப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். கார் அங்கேயே நின்று, முன்னும் பின்னுமாக அசைந்து, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது.

"என்ன, திரும்பிப் போறாங்க?" என்றார் அம்மா.

"மலையப் பாத்துப் பயந்துட்டாரு போல" என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் யாரும் கண்ணை எடுக்கவில்லை. திரும்பிப் போகிற கார் சின்னதாக வேண்டுமே? இது பெரிதாகிக்கொண்டே வந்தது. முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"கங்காணியாரே, அது போகுதா வருதா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மேலே பங்களாவிலிருந்து துரையின் கார் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு அவர் கிளப்புக்குப் போவார். எங்கள் லயத்துக்கு நேர் கீழே இருந்த வளைவில் துரையின் கார் மூக்கும், இந்தக் காரின் முதுகும் எதிரெதிரே வந்து நின்றன. தனக்கு முன்னால் ஒருவன் கீழே போய்க்கொண்டிருக்கிறான் என்று நினைத்துத் துரை ஹோர்ன் அடித்தார், போ போ என்று. முன்னால் போகவேண்டியவன் அவர் மேலேயே ஏறி வந்தான். துரை இறங்கிவிட்டார். அங்கே பேசியதை, பின் சீட்டில் இருந்த அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பிற்பாடு நூறு தடவை எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

"ஏய் டிரைவர்! எங்கே போறது நீ?"

"சலாங்க தொரை. மேல போறேனுங்க."

"மூஞ்சி கீழே இருக்கு!"

"மூஞ்சி கீழதானுங்க இருக்கு. வண்டி மேல போகுதுங்க."

துரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். விளக்கைப் பார்த்தார், வெளியே நின்ற மூக்கைப் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். "இது எந்த வருஷம் கார்?" என்று கேட்டார்.

"எங்க இருந்து பாக்குறீங்கங்கிறதப் பொறுத்துங்க தொரை."

துரைக்குச் சிரிப்பு வந்ததாம். ஆனால் வழக்கம் வழக்கம்தான். தோட்டத்து ரோட்டில் துரை கார் எதிரே வந்தால் மற்ற வண்டி அகலமான இடம் வருகிறவரை பின்வாங்கி வழி விடவேண்டும். அகலம் இருந்தது இரண்டு வளைவு கீழே, சவுக்கு மரத்தடியில். அவர் ஒற்றைக் கியரைப் போட்டு இறங்கினார். துரையும் காரில் ஏறிப் பின்னாலேயே இறங்கினார்.

மேலே நின்ற எங்களுக்கு இந்தப் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. துரை இறங்கிக் கையை நீட்டிப் பேசியது தெரிந்தது. அப்புறம் இந்தக் கார் முன்னால் ஓட, துரை கார் பின்னால் துரத்துவது தெரிந்தது. வளைவில் இரண்டும் மறைந்தன.

"தொரையே வெரட்டிட்டாரு" என்றார் அப்பா. கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம். "காரு வச்சிருக்கானாம் காரு. என் மானத்த வாங்கவே வந்திருக்கான். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பு."

செய்தி சொல்லப் போகிற ஆள் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதவு பின்னால் இருந்தது, நான் இஸ்தோப்பில் இருந்தேன், அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெரட்டலப்பா" என்றேன்.

அப்பா திரும்பினார். நான் அதுவரை ஆட்கள் முன்னால் அப்பாவிடம் பேசியதே இல்லை.

"என்ன?"

"வழி விடப் போறாங்க. சவுக்கு மரத்தடியிலதானே அகலம். தொரை போனதும் வருவாங்க."

"முதுகக் காட்டிக்கிட்டுப் போனது ஒனக்குத் தெரியலயா?"

"வரும்போதும் முதுகத்தான் காட்டுச்சு."

இவ்வளவுதான் சொன்னேன். சொன்னதும் இஸ்தோப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிளம்பிய ஆளைப் பார்த்து, "கொஞ்சம் நில்லு" என்றார்.

ஐந்து நிமிஷம். துரையின் கார் தனியாகக் கீழே போவது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது, பன்னிரண்டு வோல்ட்டு பாய்ந்த ஆறு வோல்ட்டு ஹோர்ன். லயத்து நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. வளைவில் முதுகு தெரிந்தது. கார் பின்பக்கமாகவே ஏறி வந்து, லயத்து வாசலில் தண்ணீர் பிடிக்கிற பீலிக் கல்லில் இடித்து நின்றது. நாத்தனார் தட்டோடு இறங்கினார். தட்டில் வாழைப்பழம் இல்லை. அது முன் சீட்டுக்கடியில் போயிருந்தது.

அப்பா இறங்கிப் போய் எதிரே நின்றார்.

"என்னப்பா கோலம் இது?"

"பின் அச்சத் தலைகீழா மாட்டிட்டேங்க மாமா. காலையிலதான் தெரிஞ்சுச்சு. பன்னெண்டுக்குள்ள வரணும்னீங்க. கழட்டி மாட்ட நேரமில்ல."

"இது ஒன் காருதானா?"

"கூடு ஒருத்தருது, இஞ்சின் இன்னொருத்தருது, அச்சு பட்டாளத்து லொறிதுங்க. சேத்தது நான்."

"காருல வரச் சொன்னேன். இப்படி வரச் சொன்னேனா?"

நாத்தனார் குறுக்கே வந்தார். "எப்படி வரணும்னு நீங்க சொல்லலயே மாமா? காருல வந்துட்டோம்ல. நம்பலன்னா ஏறி ஒக்காந்து பாருங்க, காரா இல்லையான்னு."

அப்பா அதுவரை லொறியில்தான் போயிருக்கிறார், காரில் ஏறியதில்லை. தடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். "பெரட்டுக்களம் வரைக்கும் போ, பாப்போம்" என்றார்.

கார் பின்பக்கமாகவே மேலே ஏறியது. மேல் லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்து சலாம் வைத்தார்கள். மற்றக் காராக இருந்தால் தாண்டியதும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போயிருப்பார்கள். இந்தக் காரில் தாண்டிய பிறகுதான் அவர்கள் அப்பாவின் கண்ணுக்கு நேரே வந்தார்கள். கும்பிட்ட கை, திறந்த வாய், எல்லாம் வளைவு வருகிறவரை அப்பாவுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. வழி முழுக்க ஒரு தும்மல் இல்லை.

இங்கே அம்மாவுக்குப் பதற்றம். கார் திரும்பி வந்து நிற்கும்போது பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம்.

"எறங்கி வாங்க, எமகண்டம் வந்துரும்!"

"இன்னொரு தடவ போயிட்டு வந்துர்றேன்" என்றார் அப்பா.

"மாமா!" என்று நாத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்பா இறங்குகிற மாதிரி இல்லை. ஆகவே கார் ஜன்னல் வழியாகத் தட்டை உள்ளே நீட்டினார், அப்பா உட்கார்ந்தபடியே வாங்கினார், அம்மா எங்கள் தட்டை இந்தப் பக்கமிருந்து நீட்டினார். இப்படித்தான் என் பரிசம் நடந்தது. நான் கம்பத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இஸ்தோப்பில் பாய் விரித்து உட்காரவைத்து, என்னை வந்து கும்பிடச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தலையை இடது பக்கம் திருப்பியபடி சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் காம்பரா அக்கா மெதுவாக நாத்தனாரிடம், "மாப்பிள்ளைக்குப் பொண்ணப் பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"பிடிக்காமலா இவ்வளவு பாடு? ரெண்டு கட்ட தூரம் பின்னாலயே பாத்து ஓட்டுனதுல கழுத்து மாட்டிக்கிச்சு. புள்ளய அந்தப் பக்கம் நிக்க வைங்க."

என்னை இடது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இப்போது என்னைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. மற்றவர்கள் அப்பாவைச் சுற்றிக் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் அவரிடம் முதல் வார்த்தை பேசினேன்.

"கல்யாணத்துக்கு முந்தி அச்சத் திருப்பிப் போட்டுருவீங்களா?"

"ஏன்? மாமாவுக்கு இப்படித்தான் பிடிச்சிருக்கு."

"நாம தாண்டிப் போன பொறகும் எல்லாரும் என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிப்பாங்களே."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தலையாட்டப் பார்த்தார், கழுத்து விடவில்லை. "போட்டுர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

போட்டும் விட்டார். அச்சு நேரானது, கார் மற்றக் கார்களைப் போல மூக்கு முன்னால் ஓடியது. ஆனால் அச்சின் வாய் மறுபடியும் மேலே போய்விட்டதால் தண்டும் மேலே ஏறியது. பின் சீட்டின் நடுவில் தரையை வெட்டி, தண்டுக்கு மேலே தகரத்தை வளைத்து மூட வேண்டிவந்தது. சீட்டின் நடுவே மாட்டின் திமில் மாதிரி ஒரு மேடு நின்றது.

கல்யாணத்தன்று கோயிலிலிருந்து ஹட்டனுக்குப் போக லொறி டிரைவர் காரை ஓட்டினார், முன் சீட்டில் அப்பா. பின் சீட்டில் திமிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கதவை மூடப் போகும்போது நாத்தனார் எட்டிப் பார்த்தார். "நடுவுல எடம் சும்மாதானே கெடக்கு" என்று சொல்லித் திமிலின் மேல் ஏறி உட்கார்ந்து, எங்கள் இருவர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டு, ஹட்டன் வரை வாய் மூடாமல் வந்தார்.